டோபாவின் கடல்மாந்தர் காட்சிச்சாலை
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



கடற்றொழிலையே பரம்பரையாகக் கொண்ட நம்மவர் கூடியுள்ள இச்சபையில், கடற்றொழிலின் பழமையை விளக்கும் அயல்நாட்டுக் காட்சிச்சாலை ஒன்றனைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தமைக்கு என் மனமார்ந்த வந்தனம். நான் சென்று கண்ட அச்சாலை ஜப்பான் தேசத்தின் மியே மாகாணத்தில், டோபா என்னும் சிறு துறைமுக நகரைச் சார்ந்த உராமுராவில் இருக்கின்றது. கடலை நம்பி வாழும் மாந்தரின் காட்சிச்சாலை என்பதே அதன் பெயரின் பொருள்.

இதனைத் தோற்றுவித்தவர் அரசாங்கத்தாரும் அல்லர், பிரபுக்களும் அல்லர். மீன்வள ஆராய்ச்சியின் பொருட்டு அமைந்த ஒரு சங்கத்தாரே 1971-ம் ஆண்டில் இதனைத் தொடங்கினர். 1992-ல் இப்போதுள்ள இடத்துக்கு மாற்றினர். 2017-ல் டோபா நகரசபையார் இதனை ஏற்றுக்கொண்டனர். ஆகவே, நாற்பத்தாறு ஆண்டுகள் ஒரு சங்கத்தின் முயற்சியே இதனைத் தாங்கி நின்றதென்பதை நம் சங்கத்தார் சிந்திக்கவேண்டும்.

நைட்டோ ஹிரோஷி என்னும் சிற்பி அமைத்த மண்டபத்துள் நின்று மேல்நோக்கினால், கவிழ்த்து வைத்த மரக்கலத்தின் விலாவெலும்புகள் போல வளைமரங்கள் தோன்றுகின்றன. சேகரித்துள்ள பொருள்கள் சுமார் 60,000. அவற்றுள் 6,879 பொருள்களை 1985-ல் அந்நாட்டு அரசாங்கத்தார் மக்கள் வாழ்வின் அரும்பெருஞ் செல்வமென்று பிரகடனம் செய்தனர். பொன்னும் மணியுமோ எனின், அல்ல. வலை, தூண்டில், கூடை, துடுப்பு, கந்தலான உடுப்பு, பழம்படகு ஆகிய இவையே. நம் வீட்டுக் கொல்லையில் மழையில் நனைந்து மக்கும் பொருள்களை அங்கே சீராக அடுக்கிக் காத்து வருகின்றனர்.

அங்குள்ளவற்றுள் என் நெஞ்சைக் கவர்ந்தவை 'ஆமா' எனப்படும் மாதர் கையாண்ட கருவிகள். இம்மாதர் மூச்சடக்கிக் கடலடியிற் சென்று, பாறையில் ஒட்டியிருக்கும் 'அவாபி' என்னும் ஒற்றை ஓட்டுச் சிப்பியை இரும்புக் கருவியால் பெயர்த்தெடுப்பவர். ஒரு முறை மூழ்குவது ஏறக்குறைய ஒரு நிமிஷமே. மேலெழுந்தவுடன் சீழ்க்கை போன்ற ஓசையுடன் மூச்சு விடுவர். சிலர் தனியே நீந்திச் செல்வர். சிலர் கணவனுடன் படகேறிச் சென்று, கனத்த எடையைப் பற்றிக்கொண்டு விரைந்து மூழ்குவர். கணவன் மேலே கயிற்றைப் பிடித்திருந்து, சமயமறிந்து இழுப்பான். மனைவியின் உயிர் அவன் கையிலுள்ள கயிற்றில் இருக்கின்றது. மன்னார் வளைகுடாவில் நம் முன்னோரும் கல்லைக் காலிற் பற்றி முத்துக்குளித்ததும், மேலே உற்றவன் கயிறு பிடித்ததும் உங்களுக்குத் தெரியாதவையல்ல.

அவர்கள் தலைத்துணியில் இரு குறிகள் தைத்திருக்கக் கண்டேன். ஒன்று, ஒரே கோட்டால் இழுத்துத் தொடங்கிய இடத்திலேயே முடிக்கும் நட்சத்திரம். புறப்பட்டவள் கரைக்குத் திரும்பவேண்டுமென்பது அதன் கருத்து. மற்றொன்று, குறுக்கும் நெடுக்குமான கட்டம். பல கண்கள் காவல் காக்கவேண்டுமென்பது அதன் கருத்து. கடலுக்குச் சென்றவன் திரும்பும்வரை கரையையே பார்த்திருக்கும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இவற்றை விளக்கவேண்டுவதில்லை.

இவற்றினும் சிறந்ததொன்று அளவுகோல். 10.6 சென்டிமீட்டருக்குக் குறைந்த அவாபியை எடுத்தலாகாதென்பது மியே மாகாணத்துச் சட்டம். அளந்து பார்த்துச் சிறியதாயின் கடலிலேயே விட்டுவிடுவர். ரப்பர் உடை வந்த காலத்தில், குளிர் தெரியாமையால் நெடுநேரம் மூழ்கி மிகுதியாக வாரிவிடலாகாதென்று சில ஊரார் தாமே கட்டுப்பாடு செய்துகொண்டனர். ஆசையை அளந்து நிறுத்தியவர்களுக்கே கடல் தலைமுறை தலைமுறையாய்ச் சோறிட்டது.

ஆயினும், இத்தொழிலும் குன்றி வருகின்றது. 1956-ல் ஜப்பானில் பதினேழாயிரத்துக்கு மேற்பட்டிருந்த ஆமாக்கள், 2010-ல் இக்காட்சிச்சாலையார் எண்ணியபோது 2,174 பேரே இருந்தனர். இளையோர் வேறு வேலை நாடிப் போகின்றனர். மூழ்குபவருள் மூதாட்டியர் பலர். எனினும், கருவிகளும் செய்திகளும் சேர்ந்திருந்தமையால், 2017-ல் டோபா, ஷிமா பகுதிகளின் மூழ்குகலையை அரசாங்கத்தார் நாட்டின் மரபுச் செல்வமாக ஏற்றனர்.

டோபாவுக்கும் நமக்கும் மற்றொரு தொடர்புண்டு. மிக்கிமோட்டோ கோக்கிச்சி என்பார் 1893-ல் சிப்பியை வளர்த்து அதனுள் அரைமுத்து விளைவித்தது டோபாக் கடலிலேயே. சிப்பியை எடுத்துத் தந்தும் மீண்டும் கடலடியில் வைத்தும் உதவியவர் ஆமாக்கள். தூத்துக்குடியில் 1961-ல் நடந்த முத்துக்குளிப்பே கடைசியாயிற்று. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அங்கும் வளர்ப்பு முத்தை விளைவித்தனர். முத்து உண்டாக்கும் வித்தை ஏட்டிலேறியது. மூழ்கியவரின் வித்தையோ அவர்களுடனே மறைந்து வருகின்றது.

நம் கட்டுமரத்தின் பெயர் ஆங்கிலத்திலும் புகுந்து உலகெங்கும் வழங்குகின்றது. மரமோ பைபர் படகுக்கு இடங்கொடுத்துக் கரையில் மக்குகின்றது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றின் பெயரறிந்தும், கரையிலுள்ள பனையையும் கோபுரத்தையும் கணித்து மீன்பார் கண்டும் வாழ்ந்த கிழவர்கள் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்கள் போனபின் கருவி கிடைத்தாலும் அதன் பயன் சொல்வார் கிடையார்.

ஆதலின், பெரிய மண்டபத்துக்குக் காத்திராமல், நம் சங்கத்தின் ஒவ்வொரு கிளையும் ஓர் அறையையும் ஒரு குறிப்பேட்டையும் ஒதுக்குக. வலை, துடுப்பு, பாய், பரி ஆகியவற்றைச் சேர்த்து, ஒவ்வொன்றின் பெயர், உறுப்பு, செய்த மரம், பயன்பட்ட பருவம் ஆகியவற்றை முதியோர் வாய்மொழியாகவே எழுதிக்கொள்க. பள்ளியிற் படிக்கும் நம் பிள்ளைகளே பாட்டன்மாரைக் கேட்டு எழுதட்டும். இதற்குப் பெரும் பொருள் வேண்டா, காலந்தாழ்த்தாமையே வேண்டும்.