வளைகுடாச் சட்டமும் அரபு மொழியும்: வழக்கறிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வளைகுடா நாடுகளில் உழைப்பவர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் நம் மஹல்லாவில் அரிது. அங்கே ஊதியம் நின்றாலும், வேலை முடிந்து பணிக்கொடை வராவிட்டாலும், ஊர் திரும்பியவர் நாடிச் செல்வது நம் ஊர் வழக்கறிஞரைத்தான். அவர் சொல்லும் ஒரு சொல்லை நம்பியே அக்குடும்பம் மேற்கொண்டு முயலும். அல்லது முயற்சியைக் கைவிடும். ஆகவே, அவர் அறிந்து வைத்திருப்பது இன்றைய சட்டமா, நேற்றைய சட்டமா என்பது நம் அனைவரின் கவலையுமாகும்.

ஐக்கிய அரபு அமீரகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கு 1980ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் நீக்கப்பட்டு, 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டம் 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறைக்கு வந்தது. ஓராண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து பணியாற்றிய வெளிநாட்டுத் தொழிலாளிக்கு, முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படை ஊதியமும், அதன்பின் ஆண்டொன்றுக்கு 30 நாள் அடிப்படை ஊதியமும் பணிக்கொடையாக உண்டு. பத்தாண்டு உழைத்தவருக்கு இது 255 நாள் ஊதியம். ஒப்பந்தம் முடிந்த 14 நாள்களுக்குள் பாக்கிகள் அனைத்தையும் முதலாளி தீர்க்க வேண்டும்.

உரிமை கோருவதற்கான காலவரம்பு முன்பு ஓராண்டாக இருந்தது. 2024 ஆகஸ்ட் 31 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், வேலை முடிந்த நாளிலிருந்து ஈராண்டு என அதனை மாற்றியது. இத்திருத்தத்திற்குப் பின் வேலை முடிந்து, ஊர் வந்து பதினைந்து மாதங்களானவரிடம் பழைய நூலைப் பார்த்து, “காலம் கடந்துவிட்டது” என்று கூறி அனுப்பிவிட்டால் என்னவாகும்? அவருடைய உரிமையைப் பறித்தது முதலாளியல்ல. புதுப்பிக்கப்படாத அறிவே ஆகும்.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. வீட்டு ஓட்டுநர், சமையற்காரர் போன்ற இல்லப் பணியாளர்கள் இச்சட்டத்திற்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு 2022ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உள்ளது. எனவே, “எந்த நாட்டில் இருந்தீர்கள்?” என்று கேட்பதோடு நில்லாமல், “எந்த விசாவில், யாரிடம் பணி செய்தீர்கள்?” என்றும் கேட்டறிய வேண்டும்.

மறுபுறமும் உண்டு. நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்கீழ், 2020 ஜனவரி 17ஆம் நாள் அமீரகத்தை நம் அரசு அறிவிக்கை செய்தது. அதனால், அங்குள்ள குறிப்பிட்ட நீதிமன்றங்கள் வழங்கிய பணத் தீர்ப்பை நம் மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றக் கோரலாம். கடனை அங்கே விட்டு வந்துவிட்டோம் என்று ஒருவர் நிம்மதியாக இருந்துவிட முடியாது. எனினும், இயற்கை நீதிக்கு முரணாகவோ, மோசடியாலோ பெறப்பட்ட தீர்ப்பை எதிர்க்க அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு வழிவிடுகிறது. அழைப்பாணை முறையாகச் சார்பு செய்யப்பட்டதா என்பதை அறிய, அத்தீர்ப்பின் அரபு வாசகத்தைப் பார்க்காமல் முடியுமா?

பெருமக்களே! இங்கேதான் மொழி குறுக்கிடுகிறது. வேலை ஒப்பந்தத்தில் அரபும் வேறொரு மொழியும் இருந்து, இரண்டும் முரண்பட்டால் அரபு வாசகமே செல்லும். “முகாலஸா” என்ற தலைப்பில் ஒரு தாளை நீட்டிக் கையொப்பம் கேட்பார்கள். பாக்கி முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்பதே அதன் சாரம். அதனைச் சம்பள ரசீது என்றெண்ணிக் கையொப்பமிட்டு வருவோர் பலர். எண்களும் அவ்வாறே. அரபு நாடுகளில் எழுதப்படும் ஐந்து, நம் கண்ணுக்குச் சுழியம் போலவே தோன்றும். அவர்களுடைய சுழியமோ ஒரு புள்ளி மட்டுமே. இதனை அறியாதவர் தொகையையும் தேதியையும் தவறாகவே படிப்பார்.

அரபு நம் நீதிமன்றங்களுக்கு அந்நியமன்று. வக்கீல், வகாலத்து, தாவா, ஜாமீன், ஜப்தி, வாரிசு, அமீனா, முன்சீப் ஆகிய யாவும் அரபு வேரிலிருந்து வந்தவையே. ஆயினும் பொருள் மாறியுள்ளது. அரபியில் “வகீல்” என்பவர் பிரதிநிதி; வழக்கறிஞர் “முஹாமி” ஆவார். மத்ரஸாவில் நாங்கள் ஓதிய கிதாபுகளில் “கஃபீல்” என்பவர் பிறர் கடனுக்குப் பொறுப்பேற்பவர். வளைகுடா வழக்கிலோ விசா கொடுத்த முதலாளி. ஆகவே, சட்ட அரபியைப் பயில்வது வழக்கறிஞர்களுக்கு மட்டுமன்று, ஆலிம்களாகிய எங்களுக்கும் தேவையானதே.

எனவே நிர்வாகத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், ஆறு மாத காலம், மத்ரஸா மண்டபத்தில் வகுப்பு நடத்துவோம். எல்லாச் சமயத்து வழக்கறிஞர்களும் வரட்டும். முதல் மணி நேரத்தில் எழுத்தும் எண்ணும் சட்டச் சொற்களும் நாங்கள் கற்பிப்போம். இரண்டாம் மணி நேரத்தில் ஒப்பந்தம், தீர்ப்பு, அதிகாரப் பத்திரம், வாரிசுச் சான்று முதலியவற்றைப் பெயர் மறைத்து வைத்துக்கொண்டு, அவ்வாண்டின் சட்ட மாற்றங்களை வழக்கறிஞர்கள் எங்களுக்கு விளக்கட்டும்.

அரபியில் வாதாடச் செய்வது இதன் நோக்கமன்று. அங்கே வாதாட அந்நாட்டு வழக்கறிஞர்கள் உள்ளனர். உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் வேலைக்கும் இது ஈடாகாது. கையில் வந்த தாள் எத்தகையது, எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதை முதல் நாளிலேயே கண்டறிந்தால் போதும். மீதிக்கு வழி பிறக்கும்.

குடும்பத்தார்களுக்கும் ஒரு சொல். ஒப்பந்தத்தின் அரபுப் பக்கத்தையும் சேர்த்து நகலெடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். படித்தறியாத தாளில் கையொப்பமிட வேண்டாமென்று பயணம் புறப்படும் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள். வழக்கறிஞரிடம் செல்வதைத் தள்ளிப் போடாதீர்கள். ஈராண்டு என்பது விரைவில் கடந்துவிடும்.

இவ்வேண்டுகோளை நிர்வாகம் இக்கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு கேட்டு அமர்கிறோம்.