ஆடுகளத்தில் இலினக்சு

(விழுப்புரம், திண்டிவனம் பகுதித் தமிழன்பர்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



மொழிகாப்பும் உரிமைமீட்பும் பேசவேண்டிய மேடையில் கணினி விளையாட்டுக்கு என்ன வேலை என்று இங்குள்ள பெரியோர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். அவ்வினா தகுதியான வினாவே. அதற்குரிய விடை வேறெங்கும் இல்லை. இம்மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளின் கைகளில் 2011-ஆம் ஆண்டுக்குப் பின் வந்துசேர்ந்த மடிக்கணினியிலேயே இருக்கின்றது.

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரில் தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ், தமிழக மாணவர்க்கு 50 இலக்கத்திற்கும் மேற்பட்ட கணினிகள் வழங்கப்பெற்றன. அத்திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்த கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று மைக்குரோசாப்டு நிறுவனத்தின் விண்டோசு. மற்றொன்று சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட 'போசு' என்னும் இலினக்சு வகை. பொறியை இயக்கியவுடன் எதனுள் புகுவது என்று அஃது உரியவனைக் கேட்கும். ஒருபுறம் காசு கொடுத்து இசைவு பெற்றுப் பூட்டிய வீட்டில் குடியிருத்தல். மறுபுறம் திறவுகோலோடு வீட்டையே கையில் தருதல். பதினேழு அகவை இளைஞன் எதனுள் புகுந்தான்? விளையாட்டு எங்கிருந்ததோ அங்கே புகுந்தான். அவனைக் குறைகூறிப் பயனில்லை. எழுதவும் கணக்கிடவும் படம் வரையவும் இலினக்சுப் பகுதியிலும் எல்லாம் இருந்தன. பள்ளி விட்டு வந்தபின் அவன் நெஞ்சு தேடியது மட்டும் அங்கே இல்லை. அந்த ஒன்றால் ஒரு தலைமுறை விடுதலை மென்பொருளின் வாயிலில் நின்று திரும்பிப்போயிற்று.

இதற்கு முன்னரே, 2007-ஆம் ஆண்டளவில், உமாசங்கர் இ.ஆ.ப. மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை இலினக்சுக்கு மாற்றிக் காட்டியதும் இந்நாட்டில்தான். ஆக, தமிழகத்திற்கு இலினக்சு புதிதன்று. அலுவலகத்துள் புகுந்த அது வீட்டுக் கூடத்துள் புகவில்லை என்பதே செய்தி.

இலினக்சு என்பது யாதென அறியாதார்க்கு ஓரிரு சொல். மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை வேண்டும் என்று அமெரிக்கரான இரிச்சர்டு சுடால்மன் 1983-இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் இலினசு தோர்வால்டுசு இயங்குதளத்தின் உட்கருவை எழுதி வெளியிட்டார். இரண்டும் இணைந்த கூட்டே இன்று இலினக்சு என வழங்குகின்றது. உலகின் பெரும் வழங்கிகளும் மீத்திறன் கணினிகளும் இதன்மேல்தான் ஓடுகின்றன. வானிலையைக் கணிக்க உதவும் தளம் பந்தய மகிழுந்து ஆட்டத்தை ஓட்ட இயலாது என்று யாரேனும் சொன்னால், அஃது ஆற்றலைப் பற்றிய பேச்சன்று. வணிகத்தைப் பற்றிய பேச்சு.

வரலாற்றைப் பாருங்கள். 'தூம்' என்னும் புகழ்பெற்ற ஆட்டம் 1994-லேயே இலினக்சில் ஓடியது. 1998-இல் அமெரிக்காவில் 'இலோக்கி' என்றொரு நிறுவனம் தோன்றிப் பிற நிறுவனங்களின் ஆட்டங்களை இலினக்சுக்குப் பெயர்த்து விற்கும் தொழிலில் இறங்கியது. ஆட்டங்கள் நன்றாகவே வந்தன. ஆனால் விண்டோசு வடிவம் வெளியாகிப் பல திங்கள் கழித்தே இலினக்சு வடிவம் வரும். அதற்குள் ஆவலுடையோர் முன்னதை வாங்கி ஆடி முடித்திருப்பர். 2002 சனவரியில் அந்நிறுவனம் கதவடைத்தது. அன்று தொடங்கி ஒரு வட்டப்பேச்சு நிலைத்துவிட்டது: இலினக்சில் ஆடுவோர் இல்லை, ஆகலின் ஆட்டங்கள் செய்வாரில்லை; ஆட்டங்கள் இல்லை, ஆகலின் ஆடுவாரும் இல்லை.

இப்பேச்சைத் தமிழர் எங்கோ கேட்டிருக்கின்றனர் அன்றோ? தமிழில் அறிவியல் நூல்கள் இல்லை, ஆகலின் தமிழில் கற்பிக்க இயலாது. தமிழில் கற்பிப்பதில்லை, ஆகலின் நூல்கள் எழுதுவாரில்லை! கல்லூரி வாயில்களில் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒலிக்கும் அதே பல்லவிதான். வட்டத்தை உடைக்க யாரேனும் ஒருவர் முதலில் இழப்பை ஏற்க வேண்டும்.

கணினி ஆட்டத் துறையில் அவ்வாறு இழப்பை ஏற்றவர் அறவோர் அல்லர், அவரும் வணிகரே. 'இசுடீம்' என்னும் இணையக் கடையை நடத்தும் வால்வு நிறுவனத்தின் தலைவர் கேபு நியூவெல், முன்னாளில் மைக்குரோசாப்டிலேயே பணியாற்றியவர். 2012-இல் விண்டோசின் எட்டாம் பதிப்பு தனக்கெனச் சொந்தக் கடையோடு வந்தபோது, தம் கடையின் வாயிலை அடைக்கும் ஆற்றல் வீட்டுக்காரனிடம் இருப்பதை அவர் உணர்ந்தார். அப்பதிப்பை வெளிப்படையாகவே கண்டித்தார். 2013 பிப்பிரவரியில் இசுடீம் இலினக்சுக்கு வந்தது. இலினக்சுப் பயனர் இலவயம் தேடுவோர் என்ற பழியும் அதற்கு முன்பே பொய்யாகி இருந்தது. 2010-இல் விரும்பிய விலை கொடுத்து வாங்கும் ஆட்டத் தொகுப்பு ஒன்று விற்கப்பட்டபோது, தலைக்குச் சராசரியாக மிகுதியாகக் கொடுத்தவர் இலினக்சுப் பயனரே. விடுதலையை விரும்புவோன் கஞ்சன் அல்லன் என்பதற்கு அதுவே சான்று.

ஆயினும் 2015-இல் இலினக்சு ஓடும் ஆட்டப்பொறிகளை வால்வு பல உற்பத்தியாளர் வழியாக விற்க முயன்று தோற்றது. கரணியம் பழையதே: இலினக்சுக்கென எழுதப்பெற்ற ஆட்டங்கள் போதவில்லை. அத்தோல்வியிலிருந்துதான் 2018 ஆகத்தில் 'புரோட்டான்' பிறந்தது.

இங்குச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1993 முதலே 'வைன்' என்றொரு திட்டம் தன்னார்வலரால் வளர்க்கப்பட்டு வந்தது. விண்டோசுக்கென எழுதிய நிரல் விண்டோசிடம் ஒன்றைக் கேட்கும்போது, அதனை இடையில் நின்று வாங்கி இலினக்சு அறிந்த மொழியில் சொல்லி விடைபெற்றுத் தரும் ஏற்பாடு அது. இரு வேந்தர் நடுவே நிற்கும் மொழிபெயர்ப்பாளனைப் போன்றது என்க. வைனோடு, படம் வரையும் கட்டளைகளை விண்டோசு முறையிலிருந்து 'வல்கன்' என்னும் பொதுமுறைக்கு மாற்றும் நிரலையும் இணைத்து உருவாக்கியதே புரோட்டான். ஆடுவோன் ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை. ஆட்டத்தை நிறுவினால் அஃது ஓடும். 2022 பிப்பிரவரியில் வந்த 'இசுடீம் டெக்கு' என்னும் கையடக்கப் பொறி முழுக்க இலினக்சில் ஓடுவது. அதனை வாங்கியோர் பலர் தாம் ஆடுவது இலினக்சில் என்பதை அறியவும் இல்லை. 2025 அத்தோபரில் இசுடீமின் திங்கள் கணக்கெடுப்பில் இலினக்சுப் பயனர் பங்கு முதன்முறையாக 3 விழுக்காட்டைக் கடந்தது. சிறு எண்தான், ஆனால் பல ஆண்டுகள் 1 விழுக்காட்டை ஒட்டியே கிடந்த எண்.

மொழிபெயர்ப்பால் வாழ்வது வாழ்வா என்று தூய நெஞ்சினர் கேட்பர். இலினக்சு அன்பருள்ளும் இப்பிணக்கு உண்டு. புரோட்டான் இருக்கும்போது இலினக்சுக்கெனத் தனியே ஏன் எழுத வேண்டும் என்று ஆட்டம் செய்வோர் ஒதுங்கிவிடுகின்றனர். இலினக்சு என்றும் பிறர் அடுப்பில் சமைத்ததைப் பரிமாறும் இல்லமாகவே நின்றுவிடும் என்பது ஒருசார் வாதம். அதில் உண்மை உண்டு. எனினும் மறுபக்கமும் உண்டு. 2013, 2014-ஆம் ஆண்டுகளில் இலினக்சுக்கென்றே செய்யப்பெற்ற ஆட்டங்கள் சில, தளத்தின் துணைநிரல்கள் மாறிவிட்டமையால் இன்று ஓட மறுக்கின்றன. அதே ஆட்டத்தின் விண்டோசு வடிவமோ புரோட்டான் வழியாகச் சிக்கலின்றி ஓடுகின்றது! இலினக்சு வல்லுநர் இதற்கு நாணத்தான் வேண்டும். பழையதைக் கைவிடாது காத்தல் என்னும் பண்பில் அவர்கள் பகைவனிடம் கற்க வேண்டியது இருக்கின்றது. மேலும் புரோட்டானின் மூலநிரல் திறந்தே இருக்கின்றது. மொழிபெயர்ப்பாளன் நம்பிக்கைக்கு உரியவன்.

உண்மையான தடை வேறு. பலர் இணையவழி கூடியாடும் ஆட்டங்களில் ஏமாற்றுவோரைத் தடுக்க ஒரு காவல்நிரல் வைக்கின்றனர். சில காவல்நிரல்கள் 2021 முதல் புரோட்டானோடு இயைந்து ஓட முன்வந்தன. வேறு சிலவோ இயங்குதளத்தின் உட்கருவுக்குள்ளேயே புகுந்து, பொறி இயங்கத் தொடங்கும் நொடியிலிருந்து அனைத்தையும் கண்காணிக்கக் கேட்கின்றன. 'வேலொரண்ட்டு' இவ்வகை. அஃது இலினக்சில் ஓடாது. 'போர்ட்டுநைட்டு' ஓடாது. ஓடிக்கொண்டிருந்த 'ஏபெக்சு' 2024-இல் இலினக்சுப் பயனரை வெளியேற்றியது. ஓர் ஆட்டம் ஆடுவதற்காக வீட்டின் அடுக்களை முதல் பேழை வரை திறவுகோல் கேட்கும் விருந்தினனை எந்தத் தமிழ் இல்லத்தார் உள்ளே விடுவர்? ஆனால் நண்பர் அனைவரும் ஆடும் ஆட்டத்தை விட்டுவிடு என்று இளைஞனிடம் சொல்வதும் எளிதன்று. இவ்விடத்தில் இலினக்சுக்கு இன்று வழி இல்லை. உள்ளதை மறைத்துப் பேசுவதால் நன்மை விளையாது.

இனி, இப்பகுதிக் கணினிகளின் நிலை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பொறியியல் கல்லூரிகளும் அரசு கலைக் கல்லூரிகளும் உள்ளன. அவற்றில் பயிலும் பலர் அண்ணனோ அக்காளோ பயன்படுத்திய பழைய மடிக்கணினியையே வைத்திருப்பர். விண்டோசு பத்தாம் பதிப்புக்கான பொது ஆதரவு 2025 அத்தோபர் 14-இல் முடிந்தது. பதினொன்றாம் பதிப்போ பழைய பொறிகளை முறைப்படி ஏற்பதில்லை. நன்றாக ஓடும் கணினியைக் குப்பையில் எறி என்பதே அதன் பொருள். எளிய இலினக்சு வகை ஒன்றை நிறுவினால் அப்பொறி இன்னும் பல்லாண்டு உழைக்கும். ஆனால் 2011, 2012-ஆம் ஆண்டுப் பொறிகளின் வரைகலைச் சில்லுகள் வல்கன் முறையை முழுமையாக அறியா; ஆகலின் புரோட்டானின் பயன் அவற்றுக்குக் கிட்டாது. அவற்றில் கட்டற்ற ஆட்டங்களே ஓடும். 'வெசுநாத்து' என்னும் போர்க்கள ஆட்டம், சிறுவர்க்கான 'சிகம்பிரி' கல்வி ஆட்டத் தொகுப்பு, 'தக்சு பெயிண்டு' ஓவியப்பலகை ஆகியன எளிய பொறிக்கும் ஏற்றவை. இசுடீம் டெக்கோ 2025 முடிய இந்தியாவில் முறையான விற்பனைக்கே வரவில்லை.

ஒரு வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். விழுப்புரம் பேருந்து நிலையத்தில் தலைகவிழ்ந்து ஆடிக்கொண்டிருக்கும் இளைஞர் கைகளைப் பாருங்கள். அவை பெரும்பாலும் ஆண்டிராய்டுப் பேசிகள். ஆண்டிராய்டின் உட்கரு இலினக்சே! உட்கருவைக் கொண்டு எண்ணினால் இலினக்சு எப்போதோ இம்மாவட்டத்தின் தலையாய ஆட்டத்தளம் ஆகிவிட்டது. உரிமையைக் கொண்டு எண்ணினால் ஒன்றுமே நடக்கவில்லை. 2020 செப்டம்பரில் 'பப்சி'யும் 2022 பிப்பிரவரியில் 'பிரீ பயரும்' அரசாணையால் கடைகளிலிருந்து நீங்கியபோது, அவற்றில் காசு செலவிட்ட பிள்ளைகளிடம் எஞ்சியது யாது? ஆணையின் சரிதவறு வேறு. ஆடியவன் எதற்கும் உரிமையாளன் அல்லன் என்பது அன்று வெட்டவெளிச்சமாயிற்று.

இறுதியாகத் தமிழ். இசுடீம் கடையின் முகப்பு ஏறத்தாழ முப்பது மொழிகளில் உள்ளது; இந்திய மொழி ஒன்றும் அதில் இல்லை. தமிழில் இருந்தால்தான் வாங்குவேன் என்று கேட்டவர் எத்தனை பேர் என்று கடைக்காரன் திருப்பிக் கேட்டால் விடை சொல்ல இயலாது. ஆயினும் 2023-இல் கனடாவில் வாழும் தமிழர் குழு செய்த 'வெண்பா' என்னும் ஆட்டம், புலம்பெயர்ந்த தாயொருத்தியின் அடுக்களையையும் மகனுக்கு நழுவும் தாய்மொழியையும் கருவாகக் கொண்டு, 2024-இல் பிரித்தானிய பாப்டா விருது பெற்றது. தமிழ் யாப்பின் பெயரைத் தாங்கிய ஆட்டம் உலக மேடை ஏறிவிட்டது!

அத்தகைய ஆட்டங்களைச் செய்ய இன்று பெரும்பொருள் வேண்டுவதில்லை. 'கோதோ' என்னும் ஆட்டம் செய்கருவி அர்சென்டீனாவில் பிறந்து 2014-இல் மூலநிரலோடு பொதுவுடைமை ஆக்கப்பட்டது. அதன் பழைய பதிப்புகளில் தமிழர்க்கு ஒரு துன்பம் இருந்தது. 'கொ' என்று எழுதினால், ககரத்தின் முன்னே நிற்க வேண்டிய கொம்பும் பின்னே நிற்க வேண்டிய காலும் உரிய இடத்தில் அமையாமல் சிதறும். இலத்தீன் எழுத்தைப்போல் ஒன்றன்பின் ஒன்றாக எழுத்தை அடுக்கும் பொறிக்கு, ஒலிப்பில் பின்வரும் உயிர்க்குறி வடிவில் முன்னே போய் நிற்கும் தமிழ் முறை தெரியாது. 2023 மார்ச்சில் வெளிவந்த நான்காம் பதிப்பு, எழுத்துகளை உரியவாறு கோக்கும் கட்டற்ற நிரலைத் தன்னுள் இணைத்துக்கொண்டது. தமிழ் செவ்வனே தெரிகின்றது. பழைய நிலையில் ஒரு மாணவன் தன் ஆட்டத்துக்குத் தமிழ்ப் பெயர் வைக்க விரும்பினாலும் பொறி அவனை ஆங்கிலத்துக்குத் தள்ளியது. இன்று அச்சாக்கு இல்லை.

விழுப்புரம் குனு/இலினக்சுப் பயனர் குழு இப்பகுதியின் சிற்றூர் மாணவர்க்குக் கட்டணமின்றி மென்பொருட் பயிற்சி அளித்து வருகின்றது. 2012 முதல் 'கணியம்' இணைய இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே கற்பிக்கின்றது. ஆசிரியன்மாரும் பாடங்களும் கருவியும் அருகிலேயே உள்ளன. மூன்று புலி, பதினைந்து ஆடு கொண்டு கோயில் திண்ணையில் ஆடிய ஆடுபுலி ஆட்டத்தைக் கோதோவில் எழுதுவது, நிரல் கற்கும் மாணவனுக்கு ஒரு விடுமுறைக்கால வேலை. அது விண்டோசிலும் ஓடும், பேசியிலும் ஓடும். 2011-இல் வந்து பரண்மேல் தூங்கும் மடிக்கணினியிலும், அந்த எளிய அளவுக்கு, இலினக்சில் ஓடும். வெட்டு, நகர்த்து, மீண்டும் ஆடு என்று அதன் பொத்தான்களில் எழுதத் தமிழில் சொற்களுக்கா பஞ்சம்?