நாட்டுப்புற முறையில் ஒரு சமையலறை

வீட்டைத் திருத்த எண்ணுபவர்கள் பெரும்பாலும் முகப்பிலிருந்தே தொடங்குவர். விறாந்தைக்கு நிறம் பூசுவர். வாசலுக்குப் புதுக்கதவு இடுவர். கையிலுள்ள பணம் கரைந்தபின் எஞ்சுவது சமையலறை. ஆனால் ஒரு வீட்டிலே நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் ஒருவர் நின்று உழைக்கும் இடம் எது என்று கேட்டால், அது சமையலறையே. யாழ்ப்பாணத்தில் அதனைக் குசினி என்கிறோம். அச்சொல் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. அடுப்பும் அம்மியும் உறியும் நம்முடையவை.

அண்மைக் காலத்திலே நம்மவரிடையே ஓர் ஆவல் எழுந்திருக்கிறது. பளிங்குத் தளமும் பலகைப் பெட்டிகளும் அடைத்த சமையலறையை விட்டு, பனஞ்சலாகைக் கூரை, ஓடு, சுண்ணாம்புச் சுவர், மண்ணடுப்பு என்பவற்றோடு கூடிய நாட்டுப்புறக் குசினியை அமைத்துக்கொள்ளப் பலர் விரும்புகின்றனர். விருப்பம் நல்லதே. எனினும் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். பழைய குசினியில் இருந்த ஒவ்வொன்றும் ஏதோவொரு வேலைக்காக இருந்தது. அந்த வேலையை அறிந்து பொருளைத் தேர்ந்தால் சமையலறை அமையும். தோற்றத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டால் காட்சிச்சாலைதான் அமையும்.

முதலிலே புகையைப் பற்றிச் சொல்லவேண்டும். பழைய குசினியின் அழகைப் பாடுவோர் பலர். அதன் புகையை நினைப்போர் சிலர். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, வீட்டுக்குள் விறகு, கரி, மண்ணெண்ணெய் முதலியன எரிவதால் எழும் மாசு காரணமாக 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர். அடுப்படியிலே கூடிய நேரம் இருக்கும் பெண்களையும் அவர்களுடைய குழந்தைகளையுமே இத்தீங்கு மிகுதியாகப் பற்றுகின்றது. ஆகையால் புகைக்கூடு இல்லாத விறகடுப்பை மீண்டும் வீட்டுக்குள் கொண்டுவருதல் தகாது.

அப்படியாயின் விறகடுப்பே வேண்டாமா? வேண்டும் என்பதே என் கருத்து. 1990களில் பொருளாதாரத் தடையின்போது வடபகுதி மக்களைக் காத்தது விறகடுப்பே. 2022 ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது, சிலிண்டருக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையிலே நின்றனர். அடுப்பையும் புகைக்கூட்டையும் இடித்துவிட்டுப் புதுமை செய்த வீடுகளில் முற்றத்திலே மூன்று கல்லை வைத்துச் சோறு காய்ச்ச நேர்ந்தது. எனவே எரிவாயு அடுப்பு இருக்கட்டும். அதனோடு நல்ல புகைக்கூடு உடைய ஒரு விறகடுப்பும் இருக்கட்டும். 1980களிலிருந்து நம் நாட்டிற் பரவிய அனகி என்னும் சுட்ட மண்ணடுப்பு, ஒரே நெருப்பில் இரண்டு பாத்திரங்களை ஏற்றக்கூடியது. மூன்று கல் அடுப்பைப் பார்க்கிலும் குறைந்த விறகே அதற்குப் போதும். அதனை நடுவில் வைத்து, சுற்றிவரக் களிமண் அணைத்து மெழுகினால் பார்வைக்கும் நன்றாயிருக்கும்.

அடுப்பு எம்மூலையில் இருக்கவேண்டும்? தென்கிழக்கை அக்கினி மூலை என்று நம் முன்னோர் வகுத்தனர். காற்றின் போக்கைக் கவனித்தால் இவ்வழக்கம் எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும். நம் பகுதியிலே சோழகம் தென்மேற்கிலிருந்து வீசும். வாடை வடகிழக்கிலிருந்து வீசும். தென்கிழக்கு மூலையில் எழும் புகையைச் சோழகம் வடகிழக்கு நோக்கித் தள்ளும். வாடை தென்மேற்கு நோக்கித் தள்ளும். எந்தக் காற்றிலும் புகை வீட்டின் நடுவே புகாது. உங்கள் காணி வேறு விதமாக அமைந்திருந்தால், இரு காற்றுக்கும் வீட்டுக்குள்ளே புகை திரும்பாத மூலை எதுவென்று பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

புகைக்கூட்டின் வாய், அடுப்பைவிட எப்புறமும் அரை அடி அகன்றிருக்கவேண்டும். மேலே போகப் போகச் சுருங்கி நேராக ஏறவேண்டும், வளைவு கூடாது. உச்சி, கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர்ந்திருக்கவேண்டும். 10 அடி தூரத்துக்குள் உள்ள கூரையின் எப்பகுதியைப் பார்க்கிலும் 2 அடியாவது உயர்ந்திருக்கவேண்டும். இல்லாவிடின் காற்று புகையைக் கீழே அமுக்கும். புகை வெளியேறுவதற்குப் புதுக்காற்று உள்ளே வரவேண்டும். எனவே அடுப்புக்கு எதிர்ப்புறத்திலே ஒரு யன்னல் அவசியம். எரிவாயுச் சிலிண்டரை விறகடுப்புக்கு அருகே வைக்கவே கூடாது. அதைச் சுவருக்கு வெளியே வைப்பது சிறந்தது. அந்த வாயு காற்றிலும் கனமானது. கசிந்தால் நிலத்தோடு தங்கும். ஆதலால் சுவரின் அடியிலும் காற்றுத் துவாரம் விடவேண்டும்.

இனிக் கூரை. பழைய குசினியிலே புகை மனிதருக்குத் தீங்கு செய்தாலும், கூரை மரத்தைப் பூச்சி அரிக்காமல் காத்தது. புகைக்கூடு வைத்தபின் அந்தக் காவல் நீங்கிவிடும். ஆகவே மரத்தை ஆண்டுதோறும் தட்டிப் பார்த்து, கறையான் ஏறியுள்ளதா என்று சோதிப்பது கடமையாகிறது. பனஞ்சலாகை வேண்டுமாயின், இடிக்கப்படும் பழைய வீடுகளில் விசாரியுங்கள். நன்கு முற்றிய பனையின் வைரம் பல தலைமுறை கடந்தும் உறுதியாக நிற்கும். சுத்தியலால் தட்டும்போது கணீரென்று ஒலித்தால் வாங்கலாம். மந்தமாக ஒலித்தால் உள்ளே உளுத்திருக்கும். அடுப்புக்கு மேலே கிடுகு வேயவேண்டாம், ஓடே ஏற்றது. இடையிடையே இரண்டு மூன்று கண்ணாடி ஓடுகள் பதித்தால் பகலில் விளக்கு வேண்டியதில்லை. புகைக்கூட்டை மரம் தொடாதபடி இடைவெளி விடுமாறு தச்சரிடம் முன்னரே சொல்லிவைக்கவேண்டும்.

சுவரைப் பொறுத்தவரை, கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய பழைய சுவருக்குச் சீமெந்து பூசுவது நன்றன்று. சுண்ணாம்பு ஈரத்தை மெல்ல வெளியே விடும். சீமெந்து அதை உள்ளே அடைத்துவிடும். சில ஆண்டுகளிற் பூச்சு உப்பி உதிரும். சுண்ணாம்பையே மெல்லிய படைகளாகப் பூசி, ஒவ்வொரு படையையும் விரைவில் உலராதபடி நீர் தெளித்து ஆறவிடுங்கள். நிலத்துக்குச் சாணி மெழுக நேரமில்லாதோர் சிவப்புச் சீமெந்துத் தரை இடலாம். அதற்கு 4 அடிக்கு 1 அங்குலம் வீதம் சரிவு கொடுத்து, 7 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்கவேண்டும்.

அடுத்தது அளவு. மேடையின் உயரத்தை மேசனின் வழக்கத்துக்கு விடாதீர்கள். அங்கே நின்று சமைப்பவரே அதற்கு அளவுகோல். அவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடித்தால், காய்கறி நறுக்கும் மேடை முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே இருக்கவேண்டும். அடுப்பு மேடை அதனினும் தாழ்ந்திருக்கவேண்டும். உயர்ந்த பானையினுள் அகப்பை விட்டுத் துழாவுவதற்குத் தோளை உயர்த்தும் நிலை வரக்கூடாது. அம்மியை நிலத்தில் வைக்காமல், யன்னலுக்கு அருகே கல்லாற் கட்டிய உறுதியான பீடத்தில் ஏற்றுங்கள். முதியவர்கள் குனியாமல் அரைப்பர். சுளகும் பெட்டியும் கடகமும் தொங்குவதற்கு முளைகள் அடியுங்கள். ஓலைப் பொருளுக்குக் காற்றோட்டமே உயிர். மூடிய பெட்டிக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

கழிவுநீரைக் குறித்தும் ஒரு சொல். நம் முன்னோர் குசினித் தண்ணீரை வாழையடிக்கு விட்டனர். அவ்வழக்கத்தைத் தொடருங்கள். யாழ்ப்பாணத்தின் நிலத்தடி சுண்ணக்கல்லால் ஆனது. அதன் வெடிப்புகளூடாக அழுக்கு எளிதிற் கிணற்றைச் சேரும். எனவே நீர் தேங்கும் குழியைக் கிணற்றுக்கு 50 அடிக்குக் குறையாத தூரத்தில் அமையுங்கள். எண்ணெயையும் சோற்றுப் பருக்கையையும் வாய்க்காலில் விடாமல் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

வேலையைத் தொடங்குமுன் முற்றத்திலே சுண்ணாம்பாற் கோடு கீறி, சமையலறையை உண்மையான அளவில் வரைந்து பாருங்கள். சமைப்பவரை அதற்குள் நடக்கவிடுங்கள். தண்ணீருக்கும் அடுப்புக்கும் இடையே எத்தனை அடி, பாத்திரத்துக்கு எங்கே திரும்பவேண்டும் என்பதெல்லாம் அப்போது விளங்கும். கல் வைத்தபின் மாற்றுவதைவிடக் கோட்டை அழிப்பது மலிவு. பின்பு தாழ்வாரத்தில் தற்காலிக அடுப்பொன்றை ஆயத்தம் செய்துகொண்டே பழையதை இடிக்கவேண்டும். வடபகுதியில் மாரிமழை ஐப்பசியில் வலுக்கும். தையிலே தொடங்கினால் ஆவணிக்குள் கூரையும் பூச்சும் முடிந்து, சுவர் உலர்வதற்கும் காலம் கிடைக்கும். முதலிற் புகைக்கூடும் கூரையும், பின்பு சுவர், அதன்பின் நீர்க்குழாய், கடைசியாகத் தரை என்பது ஒழுங்கு.

பணம் போதாவிட்டால் எதை விடுவது என்று சிலர் கேட்கலாம். அலங்கார ஓட்டை விடலாம். செதுக்குக் கதவை விடலாம். பித்தளைப் பாத்திர வரிசையை விடலாம். புகைக்கூட்டையும் யன்னலையும் மேடையின் சரியான உயரத்தையும் விடக்கூடாது. இவை மூன்றும் அமைந்த குசினி, சுவரிலே ஒரு சித்திரமும் இல்லாவிட்டாலும் நல்ல குசினியே.

ஆகவே, வீட்டுத் தலைவர்களே, மேசனை அழைக்குமுன் உங்கள் வீட்டிலே சமைப்பவரை அழைத்து, இந்த அறையில் எது வருத்துகிறது என்று கேளுங்கள். கண் எரிகிறதா, முதுகு நோகிறதா, வெளிச்சம் போதவில்லையா என்று அறிந்து, அந்த விடையிலிருந்து வரைபடத்தைத் தொடங்குங்கள். சமைப்பவர் இருமாமல், குனியாமல் நின்று சமைக்கும் குசினியே நம் பழைய முறைக்குப் பெருமை தரும்.