அறங்காவலர்: ஒரு சொல்லும் அதன் பொறுப்பும்



அறம், காவலர் என்னும் இரு சொற்கள் புணர, மகரம் ஙகரமாய்த் திரிந்து அறங்காவலர் ஆயிற்று. தருமகர்த்தா என்னும் வடசொல்லுக்கு ஈடாக இன்று வழங்குவது இச்சொல். எனினும் இரண்டும் ஒரு பொருளின அல்ல. கர்த்தா என்பவன் செய்பவன். காவலர் என்பவர் காப்பவர். பிறர் செய்த அறத்தைத் தமதென்னாது பேணுவோர் என்பதே தமிழ்ச்சொல் தரும் பொருள்.

இக்கருத்து கோயிற் கல்வெட்டுகளிலேயே வேரூன்றியது. கொடையைப் பொறித்தோர் பலர், இவ்வறத்தைக் காப்பவனுடைய அடி தம் தலைமேலது என்று முடித்தனர். கொடுப்பவன் ஒருமுறை கொடுக்கிறான். காப்பவனோ நாள்தோறும் காக்க வேண்டும். ஆதலின் ஈந்தவன் தலை காத்தவன் அடிக்குத் தாழ்ந்தது.

காவலின் கனத்தைச் சிலப்பதிகாரம் காட்டும். கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைத்தது ஆய்ச்சி மாதரியிடம். கோவலன் கொலையுண்டது அவள் பிழையன்று. ஆயினும் அடைக்கலத்தை இழந்த துயர் தாளாது எரிபுகுந்தாள். அறங்காவலர் கடமையை வகுக்க 1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் உண்டு. மாதரிக்கு வாய்த்தது நெஞ்சு ஒன்றே.

சொல்லும் ஓர் அடைக்கலப் பொருளே. பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் கவிஞர் அதற்கு உடையவர் அல்லர், அறங்காவலர். முன்னோர் தந்ததைக் குன்றாமல் பின்னோர் கையிற் சேர்ப்பதே அவர்தம் கடன்.