பத்திரம் இருந்தால் போதாது. தேடினால் கிடைக்கவும் வேண்டும்



கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்கு நீர் தரும் பெரியாற்று அணைக்கு ஆதாரம், 1886ஆம் ஆண்டு எழுதப்பெற்ற 999 ஆண்டுக் குத்தகைப் பத்திரமாகும். ஆவணத்தின் அருமையை நமக்குப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

கிரயப் பத்திரம், தீர்மானப் புத்தகம், வரி ரசீது முதலியவற்றை நாம் இன்று ஸ்கேன் செய்து கணினியில் சேமிக்கிறோம். அப்படங்களைக் கரையான் அரிப்பதில்லை. ஆயினும், பெயரிடப்படாத படம் பெயர்ச்சீட்டு இல்லாத விதை மூட்டையை ஒக்கும். வேண்டியபொழுது எது எதுவென விளங்காது. பழைய கையெழுத்தைக் கணினியே பிழையின்றிப் படித்துத் தேடித் தரும் என்று நம்பியிருத்தலும் ஆகாது.

ஆகவே கிராமம், சர்வே எண், ஆண்டு, ஆவண வகை ஆகிய நான்கையும் சேர்த்து ஒவ்வொரு படத்திற்கும் பெயரிடுவோமாக. மாவட்டப் பெயரைக் கொண்டு மட்டும் தேடினால் பயனில்லை. தேனி மாவட்டம் 1996இல்தான் மதுரையினின்று பிரிந்தது. அதற்கு முந்திய பத்திரங்கள் மதுரை மாவட்டம் என்றே கூறும். உட்பிரிவான நிலங்களுக்குப் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் குறித்தல் நலம்.

படங்களை இரண்டு இடங்களில் சேமிப்போம். மூலப் பத்திரத்தையும் பெட்டியில் பேணிக் காப்போம். படம் அதனைத் தேட உதவுமேயன்றி, அதற்கு ஈடாகாது.