இரண்டு கணக்குக்கும் நடுவே ஒரு தாய்



ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாள். அன்னை மரியாவின் பெற்றோரான புனித சுவக்கின், அன்னாவின் திருநாளை ஒட்டி, 2021 ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் இதை ஏற்படுத்தினார். இந்த நாளில் ஒரு கேள்வியைச் சிந்திப்போம். முதியோருக்கு அரசு உதவித்தொகையும் கட்டணச் சலுகையும் தர வேண்டுமா?

அண்ணாகிராமம் பக்கத்தில் ஒரு பாட்டியைச் சந்தித்தேன். காலமெல்லாம் முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து விரல் கறுத்துப்போனவர். அவர் சொன்னார்: "எம்புள்ள நல்லவந்தான் சாமி. ஆனா கைச்செலவுக்குக் கேட்டா, 'கவர்மென்ட்டுல தராங்களே, எழுதிப் போடு'ங்கிறான். எழுதிப் போடப் போனா, 'உனக்குத்தான் பையன் இருக்கானே'ங்கிறாங்க. நான் யார் வூட்டுக் கணக்குல சாமி வரேன்?"

அன்பர்களே, நம் கேள்வி முழுவதும் இதில் அடங்கிவிட்டது. பிள்ளை அரசைக் காட்டுகிறான். அரசு பிள்ளையைக் காட்டுகிறது. நடுவில் தாய் நிற்கிறாள்.

முதலில் அரசின் பக்கம் பார்ப்போம். தமிழ்நாட்டில் காமராசர் முதல்வராக இருந்த 1962 இல், ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் உதவித்தொகை தொடங்கியது. அது படிப்படியாக உயர்ந்து, 2023 இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாய் ஆனது. ஒரு நாளைக்கு 40 ரூபாய். இதனால் யாரும் சொகுசாக வாழ்ந்துவிட முடியாது. ஆனால் மாத்திரைக்கும் வெற்றிலைக்கும் பிறர் முகம் பார்க்காமல் இருக்கலாம்.

ரயிலில் 60 வயதான ஆண்களுக்கு 40 விழுக்காடும், 58 வயதான பெண்களுக்கு 50 விழுக்காடும் கட்டணச் சலுகை இருந்தது. கொரோனா நேரத்தில், 2020 மார்ச் 20 அன்று, அது நிறுத்தப்பட்டது. நோய் தணிந்து ரயில்கள் எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகும் சலுகை திரும்பவில்லை. எல்லாப் பயணிகளின் கட்டணத்திலும் ஏற்கெனவே மானியம் இருக்கிறது என்பது ரயில்வேயின் பதில்.

"வசதியுள்ள முதியவருக்கு எதற்குச் சலுகை? அந்தச் சுமையும் உழைக்கிற இளைஞர் தலையில்தானே விழுகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. இது நியாயமான கேள்விதான். நல்ல ஓய்வூதியம் வாங்குகிறவரும் நம் பாட்டியும் ஒன்றல்ல. ஆனால் அதற்காக எல்லோருக்கும் கதவை அடைத்துவிட்டால், வெளியே நிற்கப்போவது ஏழைதான். வசதியுள்ளவர் தாமே முன்வந்து விட்டுக்கொடுக்கட்டும். இல்லாதவருக்கு உறுதியாகக் கிடைக்கட்டும்.

இது பிச்சை அல்ல என்பதையும் உணர வேண்டும். லேவியர் நூலில், அறுவடையின்போது வயலின் ஓரத்தை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிடும்படி ஆண்டவர் பணிக்கிறார். விருப்பமிருந்தால் செய் என்று அல்ல, சட்டமாகவே தந்தார். அந்த ஓரத்துக் கதிரைப் பொறுக்கித்தான் ரூத்து தன் வயதான மாமியார் நகோமியைக் காப்பாற்றினாள். மல்லாட்டை பிடுங்கிய கொல்லையில் விட்டுப்போனதைப் பொறுக்க வருகிறவர்களை நம் ஊரிலும் யாரும் திருடர் என்று சொல்வதில்லை. அது அவர்கள் பங்கு. வாழ்நாளெல்லாம் இந்த மண்ணில் உழைத்தவருக்கு அரசு தருவதும் வயலின் ஓரம்தான்.

இப்போது பிள்ளைகளின் பக்கம் வருவோம். ரூத்தைக் கவனியுங்கள். வயலின் ஓரம் இருந்தது. ஆனாலும் குனிந்து பொறுக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்க ஒருத்தி வேண்டியிருந்தது. அரசின் உதவி பிள்ளையின் இடத்துக்கு வர முடியாது. பெற்றோருக்குத் தர வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மாற்கு நற்செய்தி 7 ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். கடவுள் பெயரைச் சொல்லித் தப்பிப்பதே தவறென்றால், அரசாங்கத்தின் பெயரைச் சொல்லித் தப்பிப்பது எப்படிச் சரியாகும்?

நம் நாட்டில் 2007 இல் பெற்றோர் பராமரிப்புக்கென்றே ஒரு சட்டம் வந்தது. கவனிக்காத பிள்ளைகள் மீது கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பெறலாம். ஆனால் எத்தனை தாய்மார் பெற்ற பிள்ளை மேல் மனு எழுதுவார்கள்? பட்டினி கிடந்தாலும் "எம்புள்ள நல்லவந்தான்" என்றுதானே சொல்வார்கள்!

தொடக்கத் திருச்சபையில் அன்றாடப் பந்தியில் சில கைம்பெண்கள் விடுபட்டார்கள். திருத்தூதர்கள் அதைச் சிறிய விஷயம் என்று ஒதுக்கவில்லை. அந்தப் பணிக்கென்றே ஏழு பேரை ஏற்படுத்தினார்கள். நம் பங்கிலும் விடுபட்டவர்கள் இருக்கலாம். இளைஞர்களே, உங்கள் தெருவில் உதவித்தொகை கிடைக்காத முதியவர் யார் என்று விசாரியுங்கள். இ-சேவை மையத்துக்கு அழைத்துப்போய் மனுப் போட உதவுங்கள். கிடைக்கும்வரை கூட நில்லுங்கள்.

பிள்ளைகளே, அம்மாவுக்கு உதவித்தொகை வந்தாலும் வராவிட்டாலும், மாதம் பிறந்ததும் உங்களால் முடிந்ததை அவர்கள் கேட்கும் முன்பே கையில் கொடுங்கள். அரசின் கணக்கிலும் நம் தாய் இருக்கட்டும். நம் கணக்கில் முதல் வரியில் இருக்கட்டும்.

இறைவன் உங்களையும் உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக. ஆமென்.