கரூசோவும் அவர் பிறந்த ஊரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று செயலாளர் பணித்தார். சங்கீதத்தில் நமக்குப் புலமை கிடையாது. கேட்டு மகிழும் பழக்கம் மட்டுமே உண்டு. ஆகவே இராக தாள ஆராய்ச்சியைக் கற்றறிந்தோர்க்கு விட்டுவிட்டு, பிறந்த ஊரை விட்டு அயலூரில் புகழ் பெற்ற ஒரு பாடகரின் கதையைச் சொல்ல எண்ணினோம். அவர் இத்தாலி தேசத்தவர். என்ரிகோ கரூசோ என்பது பெயர்.

ஆப்பரா என்பது பெரும்பாலும் பாட்டினாலேயே நடத்தப்பெறும் நாடகம். நம் நாட்டுப் பழைய இசை நாடகங்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அதில் ஆடவர் குரல்களுள் உச்சஸ்தாயியில் ஒலிப்பதை டெனர் என்பர். கதாநாயகன் வேடம் பெரும்பாலும் டெனருக்கே உரியது. ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில், பல பத்து வாத்தியங்களின் முழக்கத்தையும் கடந்து கடைசி வரிசை வரை அக்குரல் சென்றாக வேண்டும்.

கரூசோ 1873ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் நேப்பிள்ஸ் நகரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஆலைத் தொழிலாளி. மகனும் அத்தொழிலையே கற்க வேண்டுமென்பது அவர் விருப்பம். அவ்வண்ணமே 11 வயதில் பையன் பட்டறைக்கு அனுப்பப்பட்டான். தாய் மட்டும் அவன் பாடுவதை ஊக்குவித்தாள். அவளும் 1888இல் மறைந்தாள். பின்னர்ச் சிற்றுண்டி விடுதிகளிலும் தெருக்களிலும் பாடிச் சில காசு ஈட்டினார். முதல் ஆசிரியர் அவர் குரலைச் சிறியதென்று கருதினார். உச்சஸ்வரங்களில் குரல் உடைவதும் உண்டு. ஆயினும் இடையறாத சாதகத்தால் குறைகளை நீக்கி, 1895இல் நேப்பிள்ஸ் மேடையொன்றில் ஆப்பராப் பாடகராக அரங்கேறினார். ஐந்தாறு ஆண்டுகளில் மிலான் நகரின் புகழ்பெற்ற லா ஸ்காலா அரங்கம் அவரை அழைத்தது.

அதன்பின் 1901ஆம் ஆண்டு இறுதியில், நேப்பிள்ஸின் பெருமைக்குரிய சான் கார்லோ அரங்கில் பாட வந்தார். 1737இல் திறக்கப்பெற்ற பழம்பெரும் அரங்கம் அது. டோனிசெத்தி இயற்றிய 'காதல் மருந்து' என்னும் ஆப்பராவில் அவருக்குக் கதாநாயகன் வேடம். பட்டறைச் சிறுவன் பெரும்பாடகனாகித் தாய்மண்ணுக்குத் திரும்பிய வேளை! ஆனால் வரவேற்பு அவர் எதிர்பார்த்தபடி அமையவில்லை. விமர்சகர் குறை கூறினர். புண்பட்ட கரூசோ, இனி உண்பதற்கு அன்றிப் பாடுவதற்கு இவ்வூருக்கு வரேன் என்று உறுதி பூண்டதாகச் சொல்வர். உறுதியின் சொற்கள் எவ்வாறாயினும், அவர் தம் வாழ்நாளில் மீண்டும் நேப்பிள்ஸின் ஆப்பரா மேடையில் பாடவே இல்லை.

இதற்குப்பின் நான்கு மாதங்கூட ஆகவில்லை. 1902 ஏப்ரல் 11ஆம் நாள், மிலான் நகர விடுதியறை ஒன்றில், கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பெர்க் என்பார் ஒலிப்பதிவுக் கருவியுடன் காத்திருந்தார். பத்துப் பாடல்களுக்கு 100 பவுன் ஊதியம். அத்தொகை மிக அதிகமென்று இலண்டனிலிருந்து தடைத் தந்தி வந்ததாகவும், கெய்ஸ்பெர்க் அதைப் பொருட்படுத்தவில்லை என்றும் கூறுவர். ஒரே பிற்பகலில், பியானோ துணையுடன், தகரக் குழாயின் வாயை நோக்கிக் கரூசோ பத்துப் பாடல்களையும் பாடி முடித்தார். வேறு பல குரல்கள் அக்கருவியில் மெலிந்து ஒலித்த காலத்தில், அவருடைய கனத்த டெனர் குரல் தெளிவாகப் பதிந்தது. ஊரார் வேண்டாமென்ற குரல் உலகத்தார் வீட்டுக் கூடங்களில் ஒலிக்கலாயிற்று.

நம் தேசத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. இதே கெய்ஸ்பெர்க்தான் அதே 1902ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாடல்களைப் பதிவு செய்தவர்.

1903 நவம்பர் 23இல் கரூசோ நியூயார்க் மெட்ரோபாலிடன் அரங்கில் முதன்முறையாகப் பாடினார். 1920 வரை அங்கே எண்ணூறுக்கும் மேற்பட்ட முறை மேடையேறினார். நண்பர்களைக் கேலிச்சித்திரமாக வரைவதில் வல்லவர்; தம்மையும் அவ்வாறே வரைந்துகொள்வார். செல்வமும் புகழும் குவிந்தன.

1920 டிசம்பர் 11ஆம் நாள் புரூக்ளின் அரங்கில், பாடிக்கொண்டிருக்கும்போதே வாயிலிருந்து குருதி வழிந்தது. கைக்குட்டை கைக்குட்டையாகத் துடைத்துக்கொண்டு முதல் அங்கம் முழுவதையும் பாடினார். அதற்குமேல் நாடகம் தொடரவில்லை. அன்று நடந்த ஆப்பரா எது தெரியுமா? நேப்பிள்ஸில் மனம் புண்பட்ட அதே 'காதல் மருந்து'! டிசம்பர் 24இல் இறுதியாக ஒருமுறை மேடையேறினார். பின்னர் நுரையீரல் உறையில் சீழ் கட்டிப் பலமுறை அறுவைச் சிகிச்சை நடந்தது. சிறிது தேறியதும் அவர் நாடிச் சென்றது தம் தாய்நாட்டையே. 1921 ஆகஸ்டு 2ஆம் நாள், 48ஆம் வயதில், நேப்பிள்ஸிலேயே உயிர் நீத்தார். அவர் இறுதிச் சடங்குக்காக அரசர் தம் அரச தேவாலயத்தைத் திறந்துவிட்டார். ஊர் முழுவதும் திரண்டு அழுதது. பாடிய நாளில் கிடைக்காத அன்பு, பாட முடியாத நாளில் கிடைத்தது.

நேப்பிள்ஸ் மக்கள் இசை அறியாதவரல்லர், மிகவும் அறிந்தவர்கள். குறை காண்பது அவர்கள் உரிமை. எனினும் குறையோடு ஒரு கனிந்த சொல்லையும் சேர்த்திருந்தால், அந்நகரம் அக்குரலைப் பத்தொன்பது ஆண்டுகள் இழந்திராது.

அன்பர்களே, இதைச் சொல்ல நமக்கு வேறொரு காரணமும் உண்டு. சென்ற ஆண்டு இதே மேடையில் நம் காலனிச் சிறுவன் ஒருவன் பாடினான். நடுவில் சுருதி விலகியது. முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அச்சிரிப்பில் நம்முடைய குரலும் கலந்திருந்ததை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறோம். இவ்வாண்டு நிகழ்ச்சி நிரலில் அவன் பெயரைத் தேடினோம், காணவில்லை.

அவன் கரூசோ ஆவானா என்பதன்று கேள்வி. அயலூரில் வாழும் நம் பிள்ளைகளுக்குப் பிறந்த ஊர் என்பது இந்தச் சங்கந்தான். முதல் அரங்கமும் இதுவே. இங்கே கைதட்டு கிடைக்காவிட்டால் அவர்கள் எங்கே போய்ப் பெறுவார்கள்? நாளை மாலை அவன் வீட்டுக்குச் செல்வதாக இருக்கிறோம். அடுத்த ஆண்டு அவன் இங்கே பாட வேண்டும். சுருதி விலகினாலும் இறுதிவரை கேட்டுக் கைதட்ட வேண்டுமென்று உங்கள் எல்லோரையும் வேண்டிக்கொண்டு அமர்கிறோம்.